கடை மருந்தும் கைமருந்தும்

ராக்கெட் விடுவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிவைக்கும் கூட்டங்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், நாசாவின் காடர்ட் மையத்துப் பார்வையாளர் வளாகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறன்று நார்ஹாம்ஸ் என்னும் மாதிரி ராக்கெட் கழகம் நடத்தும் ஏவுநாள். மற்றொன்று, தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் பகுதியில், யசோதோன் நகரில் மே மாதம் நடக்கும் பூன் பாங் ஃபாய் திருவிழா. முன்னது பொழுதுபோக்கு, பின்னது மழை வேண்டல். முன்னதில் பறப்பது கையடக்கமான அட்டைக் குழல். பின்னதில் பறப்பவற்றுள் பெரியது ஒன்பது மீட்டர் நீளம். இவ்வளவு தள்ளி நிற்கும் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்ற கேள்வி எழும். இரண்டின் வயிற்றிலும் எரிவது ஒன்றே என்பதுதான் அதற்கு நான் காட்டும் முதல் சாக்கு.

அது கருமருந்து. வெடியுப்பும் கரியுமே இரு இடத்திலும் அதற்கு ஆதாரம். கழகத்துச் சிறுவன் பெரும்பாலும் பயன்படுத்தும் ‘சி6-5’ மோட்டாரில் அது ஏறத்தாழ 11 கிராம் இருக்கும். யசோதோனின் ‘லான்’ வகை ராக்கெட்டில் 120 கிலோ. பத்தாயிரம் மடங்குக்கும் மேலான வேறுபாடு. ஆனால் அளவு நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்லாது. அந்த மருந்தைக் கலந்தவர் யார் என்று கேட்டால்தான் இரண்டு திடல்களும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கத் தொடங்குகின்றன.

கழகத்தின் பாதுகாப்பு விதிகளில், மோட்டாரைக் கடையில் வாங்கியபடியே பயன்படுத்த வேண்டும், அதில் எவ்வகையிலும் கைவைக்கக் கூடாது என்பது முதன்மையானவற்றுள் ஒன்று. பாங் ஃபாய் போட்டியின் விதியோ, மருந்தை ராக்கெட் செய்யும் குழுவினரே கலந்திருக்க வேண்டும் என்கிறது. அங்கே தடுக்கப்பட்டதே இங்கே தகுதி. இதற்கு மறுபக்கமும் உண்டு. மருந்தை விலைக்கு வாங்கும் அமெரிக்கச் சிறுவன் உடலைத் தானே செய்கிறான்: காகிதக் குழலை அளந்து வெட்டி, பால்சா மரத் துடுப்புகளை உரசித் தேய்த்து ஒட்டி, வண்ணம் பூசுகிறான். மருந்தைத் தானே இடிக்கும் ஈசான் குழுவோ, முன்பு மூங்கிலைத் தேடிப்போனது. இப்போது பலரும் உடலைக் கடையில் வாங்குகிறார்கள். தண்ணீர் போகும் அதே பி.வி.சி. குழாய்தான். ஒருவர் கைவேலையாக வைத்திருப்பதை மற்றவர் கடைக்கு விட்டுவிட்டார். நெருப்பு ஒருவருக்குச் சரக்கு, உடல் தொழில். மற்றவருக்கு உடல் சரக்கு, நெருப்பு தொழில்.

இந்தப் பிரிவினை தற்செயலானதன்று. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்க இளைஞர்கள் பலர் நிலவறைகளிலும் கொட்டகைகளிலும் தாமே எரிபொருள் கலக்கத் தொடங்கினர். விரல் இழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன் இந்த ஆபத்தை அறிந்தவர். ராக்கெட் பாதுகாப்பு பற்றி அவர் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையைப் படித்த ஒருவர், தம் மாதிரிகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அனுப்பியவர் நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல். 1954இலேயே, மாற்றத்தக்க மோட்டாரும் பாராசூட்டும் கொண்ட ராக்கெட் ஒன்றை அவரும் அவருடைய சகோதரரும் உருவாக்கியிருந்தனர். மோட்டார்களைப் பெருமளவில் செய்யும் வேலை வெர்னான் எஸ்டீஸிடம் போனது; அவர் பட்டாசுத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அமைத்த ‘மேபல்’ என்ற இயந்திரம் ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டாரை அழுத்தித் தள்ளியது.

ஈசானில் மருந்து இடிக்கும் கலை நெடுங்காலம் விகாரைகளில் வாழ்ந்தது. ராக்கெட் செய்யத் தெரிந்தவர்கள் பிக்குகள். ஊர் இளைஞர்கள் அவர்களிடம் கற்றார்கள். ஒரு பக்கம் காலணி வணிகர், மறுபக்கம் துறவி. உயிர்க்கொலை விலக்கிய துறவியின் கையில் வெடிமருந்து இருந்ததும், போர்த்தளத்துப் பொறியாளர் விளையாட்டுப் பொருளுக்குப் பாதுகாவலர் ஆனதும் நாம் எதிர்பார்க்கும் வரிசையைத் தலைகீழாக்குகின்றன. கார்லைல், ஸ்டைன், எஸ்டீஸ் மூவரும் ஆபத்தை ஒழித்துவிட்டார்கள் என்று சொல்வது சரியாகாது. சிதறிக் கிடந்த ஆபத்தைத் திரட்டி ஒரு தொழிற்சாலையின் சுவர்களுக்குள் அடைத்தார்கள். ஈசானில் அது இன்னும் ஊருக்கு ஊர் பகிரப்பட்டே இருக்கிறது. 1999 மே மாதத்தில் 120 கிலோ ராக்கெட் ஒன்று ஏவிய இரண்டு விநாடியில் வெடித்து நால்வர் இறந்தது அந்தப் பகிர்வின் விலை. அந்த விலையைச் சிறிதாக்கிச் சொல்லும் உரிமை ஒப்பாய்வாளனுக்கு இல்லை.

ஆயினும், ஆபத்தை அறிந்த கை அதற்கு மாற்றும் தேடும். பச்சை மூங்கிலைச் சூடுபடுத்தாமலோ வேகவைக்காமலோ பயன்படுத்தினால், உள்ளிருக்கும் பூச்சி முட்டைகள் பொரித்து மூங்கிலை அரித்துவிடும். மெலிந்த குழல் மருந்தின் அழுத்தம் தாங்காமல் சிதறும். பூச்சியைக் கொல்வதும் ராக்கெட் பொறியியலின் ஒரு பகுதி என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. இதற்கு இணையாகக் கழகத்தில் காணக்கூடியது, தீப்பற்றாத தாள். பாராசூட்டை வெளித்தள்ளும் சிறு வெடிப்பு அந்த மெல்லிய பிளாஸ்டிக்கை உருக்கிவிடாதபடி இடையே அதைத் திணிக்கிறார்கள். அங்கே வேகவைத்த மூங்கில், இங்கே கசக்கிய தாள். இரண்டையும் மறந்தவருக்கு அடுத்த நிமிடமே பாடம் கிடைக்கும்.

ஒற்றுமை மிக ஆழமாக வெளிப்படும் இடம் ஏவுதலின் முதல் கணம். நிற்கும் ராக்கெட்டுக்கு நிலைப்பு கிடையாது. காற்று வேகமாகக் கடந்தால்தான் துடுப்போ வாலோ தன் வேலையைச் செய்யும். வேகம் வரும்வரை என்ன செய்வது? கழகம் ஒரு கம்பியை நடுகிறது. சுமார் மூன்றடி நீளமுள்ள அக்கம்பியில் ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டிய சிறு குழல் வழுக்கிச் செல்லும். கம்பி முடியுமிடத்தில் துடுப்புகள் பொறுப்பேற்றுக்கொள்ளும். ஈசான் ராக்கெட்டுக்குத் துடுப்பு இல்லை. நம் தீபாவளி ராக்கெட்டின் குச்சியைப் போல நீண்ட மூங்கில் வால்தான் அதை நேராக்குகிறது. அந்த வாலை ஏவுசாரத்தோடு கொடிநார்களால் கட்டுகிறார்கள். பற்றவைத்தவுடன் ராக்கெட் கிளம்பாது. பீறிடும் தீ கொடியை எரித்து அறுக்கும்வரை அது கட்டுண்டு உறுமும். அதற்குள் உந்துவிசை உச்சத்தை எட்டிவிடும்.

சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டையும் இப்படித்தான், இயந்திரங்கள் முழு விசையை எட்டும்வரை, இரும்புக் கைகள் பிடித்துக்கொண்டிருந்தன. சாட்டர்ன் 5இன் அச்சொட்டான சிற்றுருவைக் கம்பியில் கோத்து ஏவும் கழக உறுப்பினரைவிட, கொடிநார் கட்டும் கிராமத்தார் இந்த ஒரு விஷயத்தில் அசலுக்கு நெருக்கமானவர்.

சிற்றுரு என்றதும் அழகின் பேச்சும் வந்துவிடுகிறது. யசோதோனில் நாகத் தலைகளும் பொன்வண்ணத் தாள் வேலைப்பாடும் கொண்டு ஊர்வலம் போகும் ராக்கெட்டுகள் வேறு, மறுநாள் பறப்பவை வேறு. அமெரிக்கப் போட்டிகளில் அந்தச் சலுகை இல்லை. மாதக்கணக்கில் இழைத்த சிற்றுருவுக்கு நடுவர் மதிப்பெண் இட்ட பிறகும், அது பறந்தாக வேண்டும். அழகைத் தீயிலிருந்து காப்பது ஒரு மரபு, தீயில் சோதிப்பது இன்னொன்று. செய்தவரின் வயிற்றைக் கலக்குவது இரண்டாவதுதான்.

வானத்திடம் இருவரும் எதிரெதிர் வரங்களைக் கேட்கிறார்கள். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் கழகம் ஏவாது, மேகத்துக்குள்ளும் ஏவாது. யசோதோனில் ஏவுவதே மேகத்துக்காகத்தான். தேரை அரசனான பயா கன்காக் மழைத்தெய்வத்தோடு போரிட்டு வென்று செய்த உடன்படிக்கையை, நடவுக்கு முன் ராக்கெட் அனுப்பி நினைவூட்டுகிறார்கள். ஆனால் இருவரும் நிற்பது உழவரின் நாட்காட்டியில் கிடைக்கும் ஓர் இடைவெளியில். ஈசானில் நாற்று விடும் முன் வயல் காலியாக இருக்கும் நாள்களே திருவிழாக் காலம். அமெரிக்கக் கழகங்கள் பலவும் புல்பண்ணைகளையும் அறுவடை முடிந்த வயல்களையும் நம்பியே இருக்கின்றன. பயிர் நின்றால் ஏவுதல் இல்லை.

தோல்வியை இருவரும் நடத்தும் விதத்தில் எனக்குத் தனி விருப்பம். யசோதோனில் ராக்கெட் வெடித்தாலோ எழாமல் படுத்தாலோ, செய்தவர்களைச் சேற்றில் தள்ளிப் புரட்டுவார்கள். மே மாத வெயிலில் அது தண்டனையா சலுகையா என்று ஐயுறலாம். கழகத்தில் மோட்டார் வெடித்து அட்டைக் குழல் கிழிந்து விழுந்தால் கைதட்டல் கிடைக்கும். பாராசூட் விரியாமல் மூக்கு மண்ணில் குத்தி நிற்கும் ராக்கெட்டுக்கும் ஆரவாரம் உண்டு. தீப்பற்றாமல் நின்றுவிட்டால் மட்டும் சிரிப்பு அடங்குகிறது: சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி யாரும் அருகே போகக் கூடாது. பொதுவில் தோற்பதை அவமானமாக்காமல் வேடிக்கையாக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், இரு திடலிலும் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏறிய பிறகு வழி பிரிகிறது. ‘சி6-5’இல் உள்ள ஐந்து, உந்துதல் ஓய்ந்தபின் மூக்குக் கூம்பை வெளித்தள்ளும்வரை எரியும் தாமத அடுக்கின் விநாடிக் கணக்கு. அதாவது, இறங்குவதற்கான நேரம் மோட்டாரின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திரும்பி வந்து மறுபடி பறக்காத ராக்கெட்டை அந்தப் பொழுதுபோக்கு ராக்கெட்டாகவே மதிப்பதில்லை. ஈசானில் சிலர் பாராசூட் வைக்கிறார்கள். பெரும்பாலானவை விழுந்த இடத்தில் விழுகின்றன. தெய்வத்துக்கு அனுப்பிய தூது திரும்பி வர வேண்டும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

இத்தனை பிரிந்த பிறகும், இரு திடலிலும் கையில் விநாடிமானியோடு ஒருவர் அண்ணாந்து நிற்கிறார். இதுதான் நான் எதிர்பாராத உறவு. அமெரிக்கப் போட்டிகளில் பாராசூட் எவ்வளவு நேரம் மிதந்தது என்பதைக் கணக்கிட ஒரு தனிப் பிரிவே உண்டு. 2003இல் தொடங்கிய பள்ளி மாணவர் போட்டியின் இறுதிச் சுற்று வர்ஜீனியாவின் கிரேட் மெடோ திடலில் நடக்கும்; அங்கே உயரப் பறந்தவருக்குப் பரிசு கிடையாது. பச்சை முட்டையை உடையாமல் சுமந்து, குறித்த உயரத்தைத் தொட்டு, குறித்த விநாடிகளுக்குள் தரைக்கு வர வேண்டும். உயரம் கூடினாலும் குறைந்தாலும் குற்றமே. ஈசானில் உயரத்துக்கும் புகைத்தடத்தின் அழகுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் கூட்டத்தின் பணம் வேறொன்றின் மீது இருக்கிறது. ராக்கெட் கிளம்பி மண்ணைத் தொடும்வரை எத்தனை விநாடி என்று பந்தயம் கட்டுகிறார்கள். சூதாட்டத்தைத் தாய்லாந்துச் சட்டம் பெரிதும் விலக்கியிருப்பதை அங்கே யாரும் உரக்க நினைவூட்டுவதில்லை.

ஒரே கருவி, இரு வேறு ஆட்டங்கள். ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு விடை தொடக்கத்தில் பார்த்த மருந்தில் இருக்கிறது. தொழிற்சாலை மோட்டார் ஒன்றைப் போல் மற்றொன்று எரிவதால்தான் குறித்த விநாடியை இலக்காக வைக்க முடிகிறது. இடித்த மருந்து இடிக்குத் தக்க மாறுவதால்தான் அதன் விநாடி மீது பந்தயம் வைக்க முடிகிறது. முதலாவதில் கணிப்பு செய்பவனின் கடமை; இரண்டாவதில் பார்ப்பவனின் கேளிக்கை. மருந்தை மாற்றிக் கொடுத்தால் ஆட்டமும் இடம் மாறிவிடும்.

ஆனால் இந்தப் பிரிவும் முழுமையானதன்று. கடை மோட்டார்களிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு நுண்ணிய வேறுபாடு உண்டு. சில அடிகளில் வெற்றி தீர்மானமாகும் போட்டியில் அதுவே பெரிது. அதனால் விவரமறிந்த மாணவர் குழு, பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே தேதியில் செய்த மோட்டார்களைத் தேடி வாங்கிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. பழகிய பந்தயக்காரர், பணத்தை எடுக்கும் முன் இது எந்தப் பட்டறையின் ராக்கெட் என்று விசாரிக்கிறார். மருந்தை இடித்தது யார் என்று இவர் கேட்கிறார். எந்த நாளில் என்று அவர்கள் கேட்கிறார்கள்.