திரும்பி வருமென எழுதிக்கொடுத்த வண்டி

(இணையவழி நேரலைச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

எனக்கு இங்கே ஹம்பர்க்கில் மாலை ஐந்து மணி. டொராண்டோவில் இருப்பவர்கள் காலைக் காபியோடு உட்கார்ந்திருப்பீர்கள். சிங்கப்பூரில் மணி பதினொன்று ஆகியிருக்கும். தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்தவர்களுக்குத் தனியாக நன்றி.

பயண இலக்கியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றியவர்களின் புத்தகங்களை நான் நிறையப் படிக்கிறவன். அவற்றில் பாலைவனமும் மலைப்பாதையும் வரும் பக்கங்களை எல்லாரும் சிலாகிப்பார்கள். எனக்குப் பிடித்தவை துறைமுகப் பக்கங்கள். சாலை முடிந்துபோய், முன்னால் கடல் கிடக்க, வண்டியை எப்படி அந்தக் கரைக்குக் கொண்டுபோவது என்று ஒருவர் கையில் காகிதக் கட்டோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பக்கங்கள். பயணியின் வீரமெல்லாம் கழன்று, அவரும் நம்மைப் போல வரிசையில் நிற்கும் இடம் அது.

அந்தப் பக்கங்களில் என் கவனம் திரும்பியதற்கு ஒரு நண்பர் காரணம். யாழ்ப்பாணத்துக்காரர். 1985இன் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் உணவகச் சமையலறைகளில் நின்று, ஓய்வுபெற்ற கையோடு பழைய பி.எம்.டபிள்யூ வண்டி ஒன்றை வாங்கினார். அதில் ஏ9 வீதியால் ஊருக்குப் போக வேண்டும் என்பது ஆசை. அங்கேயே ஒரு வண்டியை வாடகைக்கு எடுக்கலாமே என்றேன். “அது வேற அண்ணை. என்ர மோட்டச்சைக்கிள்ளதான் போகோணும்” என்றார். அப்படியானால் அதைக் கப்பலேற்ற வேண்டும். நம் ஊரில் மானம்தான் கப்பலேறும். மோட்டார் சைக்கிளை ஏற்றுவது எப்படி என்று இருவருமாகக் கற்றுக்கொண்டோம்.

முதலில் வந்தது கப்பல் அல்ல, ஒரு காகிதம். ‘கார்னே த பஸாஜ்’ என்று பிரெஞ்சில் பெயர். வண்டிக்கான கடவுச்சீட்டு என்று சுருக்கமாகச் சொல்வார்கள், ஆனால் அது அவ்வளவு சரியில்லை. கடவுச்சீட்டு ஆள் யார் என்று சொல்கிறது. கார்னே சொல்வது வேறொன்று: இந்த வண்டி உங்கள் நாட்டுக்குள் தற்காலிகமாகத்தான் வருகிறது, குறித்த காலத்துக்குள் வெளியேறிவிடும், வெளியேறாவிட்டால் சுங்கத் தீர்வையை நாங்கள் கட்டுகிறோம். அப்படிப் பொறுப்பேற்பது ஒரு மோட்டார் கழகம். ஜெர்மனியில் மியூனிக்கில் தலைமையகம் கொண்ட ஏ.டி.ஏ.சி. வண்டியின் மதிப்பையும் போகும் நாட்டையும் பொறுத்து நாம் அவர்களிடம் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டாக இருக்கும். நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொன்றை. அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் விழுந்திருந்தால்தான் கட்டிய பணம் திரும்பி வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் செல்வந்தர்கள் காரில் எல்லை தாண்டத் தொடங்கியபோது கழகங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. 1954இல் ஐ.நா. ஒப்பந்தமாகவே ஆனது. ஐரோப்பாவுக்குள் இன்று யாருக்கும் தேவைப்படுவதில்லை. இந்தியாவும் இலங்கையும் இன்னும் கேட்கின்றன.

நண்பர் அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தார். “திரும்பி வருமெண்டு வண்டிக்கு ஒராள் பொறுப்பு நிக்குது” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஜெர்மன் மொழியில் இந்த வகை எழுத்துக்கு முன்னோடி என்று நான் நினைப்பது மாக்ஸ் ரைஷ். ஆஸ்திரியக்காரர். 1933இல் ஹெர்பர்ட் டிஹி என்ற நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, 250 சி.சி. பூக் வண்டியில் வியன்னாவிலிருந்து பம்பாய் வரை நிலவழியாகவே வந்துவிட்டார். இருவருக்கும் இருபத்தொரு வயது. (அந்த டிஹிதான் பின்னாளில், 1954இல், சோ ஓயு சிகரத்தில் முதன்முதலாக ஏறிய மூவரில் ஒருவர்.) அவர்களுக்குக் கப்பல் தேவைப்பட்டது திரும்பிப் போகத்தான். அதே காலத்தில் ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர், லண்டனிலிருந்து டக்ளஸ் வண்டியில் கிளம்பி இந்தியா வழியாக டோக்கியோ வரை போனார். நிலம் இருக்கும்வரை நிலம், அது முடிந்தால் கப்பல் என்பதே அன்றைய வழக்கம்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், கைபர், லாகூர் என்று ஒரு நிலவழி திறந்து கிடந்தது. மியூனிக்கில் கிளம்பியவர் கோவாவில் போய் இறங்கலாம். 1979இல் ஈரானில் புரட்சி; அந்த ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. ஈரான், பலூசிஸ்தான் வழியாகப் போனவர்கள் பிறகும் இருந்தார்கள். ஆனால் கவலையில்லாமல் புறப்படும் காலம் போய்விட்டது. மோட்டார் சைக்கிளைப் பெட்டியில் அடைத்து அனுப்புவது பலருக்குக் கட்டாயமானதில் இந்த 1979க்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இனி நம் கரைக்கு வருவோம். டெட் சைமன் எழுதிய ‘ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்’ 1979இல் வந்த புத்தகம். சைமன் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். 1973 அக்டோபர் 6 அன்று, அரபு–இஸ்ரேல் போர் வெடித்த அதே நாளில், ட்ரையம்ப் வண்டியில் புறப்பட்டார். நான்கு ஆண்டுகள், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பல்; அங்கே ஃபோர்த்தலேசாவில் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல். பிறகு பினாங்கிலிருந்து மதராஸுக்குக் கப்பல். புத்தகத்தின் தலைப்பே இந்தியாவில் ஒரு சோதிடர் அவரிடம் ‘நீ ஜூபிடர்’ என்று சொன்னதிலிருந்து வந்தது. வியாழ பகவானைத் தலைப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஆங்கிலப் புத்தகம் இத்தனை காலம் விற்பது நமக்குச் சின்ன சந்தோஷம்தான்.

அதே பினாங்கு–மதராஸ் வழியில் 1984இல் இன்னொரு வண்டி வந்தது. எல்ஸ்பெத் பியர்ட், லண்டனில் கட்டடக்கலை மாணவி. 1982இல் புறப்படும்போது வயது இருபத்துமூன்று. அவருடைய வண்டி 1974ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ ஆர் 60/6. நியூயார்க்குக்கு ஒரு கப்பல், அமெரிக்காவைக் கடந்து சிட்னிக்கு இன்னொன்று. சிட்னியில் பணம் தீர்ந்துபோய் சில மாதம் வேலை பார்த்தார். அலுமினியத் தகட்டை வளைத்து வண்டிக்குப் பூட்டுப் போட்ட பெட்டிகளைத் தானே செய்தார். சிங்கப்பூரில் காகிதங்கள் அனைத்தும் திருட்டுப்போயின. தாய்லாந்தில் நாய் குறுக்கே வந்து விபத்து. அப்புறம் மதராஸ். வீடு திரும்பியபோது 56,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. புத்தகம் எழுத முப்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார். 2017இல்தான் ‘லோன் ரைடர்’ வெளிவந்தது. சைமனைவிட நடை எளிமையானது, ஆனால் துறைமுகங்களை அவர் இன்னும் நேர்மையாக எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். பெண் என்பதால் அவருக்கு ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி அதிகம்.

அந்நாளில் அந்த வழியில் ஓடிய பயணிகள் கப்பல் எம்.வி. சிதம்பரம். இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் மலேசிய நண்பர்கள் சிலர் அதில் வந்திருக்கலாம், அல்லது உங்கள் அப்பா வந்திருக்கலாம். 1966இல் பிரான்சில் ‘பாஸ்தேர்’ என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல். இந்தியக் கப்பல் கழகம் எழுபதுகளின் தொடக்கத்தில் வாங்கி, அரை நூற்றாண்டு ஓடி ஓய்ந்த ரஜூலாவின் இடத்தில் விட்டது. வ.உ.சி.யை நினைக்காமல் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வராது. 1985 பிப்ரவரியில் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். வங்கக் கடலின் பயணிகள் கப்பல் யுகம் அதோடு முடிந்தது. பினாங்கிலிருந்து நீங்கள் ஏறும் கப்பலிலேயே உங்கள் வண்டியும் ஏறி, இறங்கும் கரையில் உங்கள் கண்ணெதிரே கிரேன் அதைத் தூக்கி வைக்கும் காலமும் அதோடு போயிற்று. இன்று ஆள் விமானத்தில், வண்டி வேறெங்கோ.

பியர்டின் வண்டியை மறுபடி பாருங்கள். பி.எம்.டபிள்யூ 1969இலேயே மோட்டார் சைக்கிள் உற்பத்தியை மியூனிக்கிலிருந்து பெர்லினின் ஷ்பாண்டாவ் பகுதிக்கு மாற்றிவிட்டது. அதாவது, கிழக்கு ஜெர்மனியின் நடுவே தீவு போலக் கிடந்த மேற்கு பெர்லினில் பிறந்த வண்டி 1984இல் மதராஸில் இறங்குகிறது. அதே ஆண்டில் எதிர்த்திசையில் மேற்கு பெர்லினுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் யார்? நாம்தான். 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பிலிருந்து கிளம்பியவர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ நிலையத்தில் ரயில் மாறி மேற்கே வந்தார்கள். நகருக்குள் ஓடிய அந்தக் கோட்டைச் சர்வதேச எல்லை என்று மேற்கு நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே அங்கே மேற்குத் தரப்பில் விசா பார்க்கும் மேசையே இல்லை. பனிப்போர் விட்டுவைத்த ஓட்டை. 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலால், விசா இல்லாத தமிழர்களைக் கடந்துபோக விடுவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியது.

என் நண்பர் அந்தக் கதவு மூடுவதற்குச் சில மாதம் முன்பு வந்தவர். அவர்கள் பேச்சில் ‘அசூல் அடித்து’, ஒரு ‘ஹைமி’ல் இருந்தார். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கு முடியும்வரை தங்கவைத்த மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக் கூடாது. பக்கத்து ஊரில் இருந்த மச்சானைப் பார்க்கப் போய் ஒருமுறை பிடிபட்டு அபராதம் கட்டியிருக்கிறார். நெடுஞ்சாலையில் பி.எம்.டபிள்யூ வண்டிகள் பெட்டியும் பையுமாகத் தெற்கு நோக்கிப் போவதை ஹைமின் ஜன்னலிலிருந்து பார்ப்பாராம். அந்த வண்டிமேல் ஆசை அங்கே பிடித்ததுதான்.

இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டிய ஒரு கப்பல் இருக்கிறது. 1986 ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்து 155 தமிழர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் தன் படகோடு போய் முதலில் கண்டார். மற்ற மீனவர்களும் வந்து மீட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் ஏறியது இங்கே, பிரேமனுக்குக் கீழே வேஸர் ஆற்றின் பிராக்க துறைமுகத்தில். ‘ஆரிகே’ என்ற சிறிய சரக்குக் கப்பல், ஆளுக்கு ஆயிரக்கணக்கான மார்க் கட்டணம், பயணிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சரக்கு அறை. ஜெர்மனியிலிருந்து கடல் கடந்து அனுப்பப்பட்ட சரக்குகளின் வரலாற்றை எழுதுபவர் இந்த 155 பேரை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்?

சரி, பெட்டிக்கு வருகிறேன். 1966 மே மாதத்தில் பிரேமனில் ‘ஃபேர்லேண்ட்’ கப்பல் முதல் கன்டெய்னர்களை இறக்கியது. 1968இல் ஹம்பர்க்கின் புர்ஷார்ட்காயில் முழுக் கன்டெய்னர் கப்பல் வந்து நின்றது. அதன்பின் தனி வண்டியைக் கயிறு போட்டுத் தூக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. மரப்பெட்டி செய்து, பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில் பங்கு போட வேண்டும். அந்த மரத்தின் உள்மையம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, அதற்கான கதிர்க்குறி முத்திரை குத்தியிருக்க வேண்டும். பூச்சி கடல் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியாவுக்கு என்றால் டயரில் ஒட்டிய மண்கூடத் தாண்டக் கூடாது.

விமானத்தில் வேறு கணக்கு. வண்டி அங்கே ஆபத்தான சரக்கு வகையைச் சேர்ந்தது. பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி முனைகளை மூட வேண்டும். கட்டணம் எடைக்கா, இடத்துக்கா என்றால் எது அதிகமோ அதற்கு. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். 220, 80, 120 அளவுப் பெட்டி என்றால் 352 கிலோவுக்குப் பணம். முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றி 185, 75, 105க்குள் அடக்கினால் அதே வண்டி கணக்கில் 243 கிலோ ஆகிவிடும். இதனால்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் நெடும்பயணக்காரர்கள் கையில் ஸ்பானரோடு திரிகிறார்கள். புது வண்டி வந்த பெட்டிகளை விற்பனையாளர்களிடம் கேட்டால் சும்மாவே தருவார்கள் என்பது உபரித் தகவல்.

நண்பர் கடலைத்தான் தேர்ந்தெடுத்தார். செலவு ஒரு காரணம். “நான் பிளேனில வந்தனான், அது கப்பலில போகட்டும்” என்றது இன்னொரு காரணம். சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் பெட்டி கொழும்பு சேர்ந்தது. இடையில் முகவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. சுங்கத்தில் ஒரு சிங்கள அதிகாரி, ஜெர்மன் கடவுச்சீட்டில் இருந்த பிறந்த ஊரையும் கார்னேயில் இருந்த வண்டி எண்ணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “வண்டி திரும்பிப் போகுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். போகும் என்றார் இவர். அதிகாரி துண்டைக் கிழித்துக்கொண்டு முத்திரை போட்டார்.

ஏழு வாரம் ஊரில் ஓடிவிட்டு வண்டி அதே பெட்டியில் ஹம்பர்க் வந்தது. இரண்டு முத்திரையும் சரியாக இருந்ததால் ஈட்டுத்தொகை முழுதாகக் கிடைத்தது. பெட்டியைப் பிரித்த அன்று நானும் கூட நின்றேன். சக்கர மடிப்புக்குள் செம்மண் இருந்தது. கழுவிவிடலாமா என்று குழாயைத் தேடினேன். “இருக்கட்டும் அண்ணை, இது அவுஸ்திரேலியா இல்லையே” என்றார்.