கம்பியும் கணக்கும்: கூட்டுறவு மின்சார வரலாற்றில் ஓடந்துறையும் இலண்டனும்

முன்னுரை

தமிழகத்தின் மின்சார வரலாறு பெரும்பாலும் நீர்மின் நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பைகாரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) என்னும் வரிசை பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. மின்சாரம் எங்கே பிறந்தது என்பதை இவ்வரலாறு சொல்கிறது. அதைச் சுமந்து வந்த கம்பி யாருடையது, அளந்து கணக்கெழுதியவர் யார் என்னும் வினாக்களை இது எழுப்புவதில்லை. காற்றையும் கதிரவனையும் நம்பி ஊர்மக்களே மின்னாக்கத்தில் இறங்கியுள்ள இக்காலத்தில் அவ்வினாக்கள் முதன்மை பெறுகின்றன. ஊற்று, கம்பி, கணக்கு என்னும் மூன்றில் மக்கள் எதனைத் தம் கையில் வைத்திருந்தனர் என்பதை அளவுகோலாகக் கொண்டு, கூட்டுடைமை மின்சாரத்தின் சில முயற்சிகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

1. கம்பி உண்டு, ஊற்று இல்லை

ஊரக மின் கூட்டுறவு என்னும் அமைப்பு அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டின் ஊரக மின்மயச் சட்டத்தால் வலுப்பெற்றது. இலாபமில்லை என்று தனியார் நிறுவனங்கள் கைவிட்ட பண்ணைப் பகுதிகளுக்கு உழவர்களே சங்கம் அமைத்துக் கம்பி இழுத்தனர். அதன் தாக்கத்தில், 1969இல் நிறுவப்பட்ட இந்திய ஊரக மின்மயக் கழகம் ஐந்து முன்னோடிச் சங்கங்களுக்குத் துணைநின்றது. கருநாடகத்தின் ஹுக்கேரி, அன்றைய ஆந்திரத்தின் சிர்சில்லா, மகாராட்டிரத்தின் மூளா-பிரவரா, குஜராத்தின் கோடினார், உத்தரப் பிரதேசத்தின் இலக்னோ ஆகியவை அவை.

இச்சங்கங்கள் கம்பியையும் கணக்கையும் பெற்றன, ஊற்றைப் பெறவில்லை. மாநில மின்வாரியத்திடம் மொத்தமாக வாங்கி உறுப்பினர்க்குப் பகிர்ந்தளிப்பதே அவற்றின் பணி. கொள்முதல் விலையும் விற்பனை விலையும் பிறரால் வரையறுக்கப்பட, இடையில் நின்ற சங்கம் நெருக்கடியைச் சுமந்தது. வாரியத்துக்குச் செலுத்தவேண்டிய நிலுவை பெருகிய மூளா-பிரவரா 2011இல் பகிர்மான உரிமையை இழந்தது. ஹுக்கேரியும், விசைத்தறி நெசவாளர் மிகுந்த சிர்சில்லாவும் நிலைத்திருக்கின்றன.

இவ்வைந்தில் தமிழகச் சங்கம் எதுவும் இல்லை. 1957இல் அமைந்த மின்வாரியம் நீரிறைக்கும் மோட்டார்களை முன்னிட்டு ஊர்தோறும் கம்பியைக் கொண்டுசென்றதால், கூட்டுறவு நிரப்பவேண்டிய வெற்றிடம் இங்கே குறைவாக இருந்தது. ஆகவே தமிழக ஊர்மக்கள் நெடுங்காலம் மின்சாரத்தின் பயனாளிகளாகவே இருந்தனர், உடைமையாளர்களாக இல்லை.

2. ஊற்றும் கம்பியும் உண்டு

இலங்கையின் மலைப்பாங்கான ஊர்கள் மற்றொரு வழியில் சென்றன. 1990களிலிருந்து, குறிப்பாகச் சபரகமுவா மாகாணத்தில், ஓடைநீரைத் தடுத்துச் சிறு சுழலி அமைத்து வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் மின் நுகர்வோர் சங்கங்கள் தோன்றின. ஊற்று, கம்பி, கணக்கு மூன்றும் ஊராரிடமே இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை வாட் என்பதைச் சங்கமே முடிவு செய்தது. வாய்க்காலைத் தூர்வாருவதும் உறுப்பினர் கடமையாயிற்று.

எனினும் இம்முழுமை தனிமையின் விளைவாகும். இலங்கை மின்சார சபையின் கம்பி ஊருக்கு வந்தபோது, கோடையில் ஓடை வற்றுவதைக் கண்டு சலித்திருந்த வீடுகள் அதனை நாடின. பல சங்கங்கள் கலைந்தன. நன்கு இயங்கிய சுழலிகளும் ஓய்ந்தன. உபரி மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் ஏற்றி விற்கும் வழி மிகச் சிலவற்றுக்கே பின்னர்க் கிட்டியது. அச்சங்கங்கள் கலைந்தமைக்குத் தொழில்நுட்பக் குறையை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. பொதுக் கம்பியின் கணக்கேட்டில் அவற்றுக்கென ஓர் இடம் ஒதுக்கப்படாமையும் காரணமாகும்.

3. ஓடந்துறை

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியின் முயற்சியை இப்பின்னணியில் நோக்கவேண்டும். குடிநீர் இறைப்பதற்கான மின்கட்டணம் ஊராட்சி நிதியை விழுங்கிய நிலையில், தலைவர் ஆர். சண்முகம் முதலில் 9 கிலோவாட் உயிர்த்திரள் வளிமவாக்கியையும் கதிரொளித் தெருவிளக்குகளையும் அமைத்தார். 2006இல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவப்பட்டது. ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய்ச் செலவில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது வங்கிக் கடன்.

பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கின்படி, காற்றாலை ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 இலட்சம் யூனிட் தருகிறது. ஊராட்சியின் தேவை 4.5 இலட்சம் யூனிட். இதனைக் கொண்டு ‘தன் மின்சாரத்தில் எரியும் ஊர்’ என்று ஓடந்துறை புகழப்படுகிறது. இவ்வருணனை துல்லியமானதன்று. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் சுழலவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில் சுழல்கிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் கலந்துவிடுகிறது. ஓடந்துறைக்கு வந்துசேர்வது மின்சாரம் அன்று, அதற்குரிய வருவாய்.

இதனைக் குறைகூறலாகக் கொள்ளலாகாது. ஓடந்துறையின் உண்மையான சாதனை இதில்தான் இருக்கிறது. காற்று இல்லாத ஊர், காற்றுள்ள ஊரில் முதலீடு செய்து பயன்பெற முடிந்தது, இடைப்பட்ட கம்பியின் உடைமையாளர் ஊராட்சி ஆக்கிய ஒவ்வொரு யூனிட்டையும் கணக்கில் ஏற்றுக்கொண்டதால்தான். இலங்கைச் சங்கங்களுள் பலவற்றுக்குக் கிட்டாத அந்த ஏற்பு இங்கே கிட்டியது. ஆயினும் அதன் விதிகளை வகுக்கும் அதிகாரம் ஊராட்சியிடம் இல்லை.

4. இலண்டன்

கூட்டுடைமை மின்சாரம் இலண்டனுக்குப் புதியதன்று. 1897இல் ஷோர்டிச் பகுதியின் உள்ளாட்சி மன்றம் தெருக்குப்பையை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையத்தைத் திறந்தது. கெல்வின் பிரபு அதனைத் தொடங்கிவைத்தார். அந்நாளில் ஊற்றும் கம்பியும் கணக்கும் மன்றத்தினுடையவை. 1948இல் நாட்டுடைமையும் 1990இல் தனியார்மயமும் வந்தபின், இலண்டன் பெருநகரின் கம்பி உள்ளூரார் கையை விட்டு அகன்றது. ஷோர்டிச் நிலையக் கட்டடத்தில் இன்று சர்க்கஸ் கலைப் பள்ளி இயங்குகிறது.

2012இல் தென் இலண்டனின் பிரிக்ஸ்டனில், எல்மோர் ஹவுஸ் என்னும் பொதுக் குடியிருப்பின் கூரையில் 37 கிலோவாட் கதிரொளித் தகடுகளைப் பிரிக்ஸ்டன் எனர்ஜி கூட்டுறவு நிறுவியது. உறுப்பினர் வாங்கிய பங்குகளே முதலீடு. 2015இல் ரீபவரிங் லண்டன் அமைப்பின் துணையுடன் ஹாக்னியின் பானிஸ்டர் ஹவுசிலும் இத்தகைய திட்டம் எழுந்தது. ஷோர்டிச் இன்று அதே ஹாக்னி நகராட்சியின் பகுதி என்பது நினைவுகூரத்தக்கது.

ஆனால் கூரையில் ஆன மின்சாரம் மாடிப்படி விளக்குக்கும் மின்தூக்கிக்கும் செல்ல, எஞ்சியது பொதுக் கம்பிக்குப் போயிற்று. அதே கூரையின் கீழ் வாழும் குடும்பம் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் முழுவிலை கொடுத்தே தன் வீட்டுக்கு மின்சாரம் வாங்கியது. ஓடந்துறைக்கும் மைவாடிக்கும் இடையிலான தொலைவைக் கணக்கு கடந்தது. கூரைக்கும் அதன் கீழுள்ள அடுக்களைக்கும் இடையிலான சில அடிகளைக் கடக்கவில்லை.

இவ்விடைவெளியைக் கடக்கவே திறன்மிகு மின்கட்டமைப்பு முயற்சிகள் எழுந்தன. 2018 ஏப்ரலில் பானிஸ்டர் ஹவுசின் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒரு யூனிட் மின்சாரம் தொடரேட்டுத் தொழில்நுட்பத்தின்வழி விற்கப்பட்டது. எல்மோர் ஹவுசிலும் ஈடிஎஃப் நிறுவனமும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் பங்கேற்ற, அண்டைவீட்டார் தம்முள் மின்சாரம் பரிமாறும் சோதனை நடைபெற்றது. ஒழுங்குமுறை ஆணையமாகிய ஆஃப்ஜெம் விதிகளைத் தளர்த்தி அளித்த சிறப்பு இசைவே அதற்கு வழிவிட்டது. கருவி ஆயத்தமாக இருந்தும், இசைவுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

முடிவுரை

கம்பி மட்டும் இருந்த சங்கம் கடனில் வீழ்ந்தது. மூன்றும் இருந்த சங்கம் தனிமையில் தேய்ந்தது. ஊற்று மட்டும் இருந்த ஓடந்துறையும் பிரிக்ஸ்டனும் பிறர் எழுதும் கணக்கில் வாழ்கின்றன. கூட்டுடைமையின் ஆயுளை ஆக்குதிறனைக் காட்டிலும் கணக்குமுறையே தீர்மானித்து வந்துள்ளது என்பதே இவ்வொப்பீடு தரும் முடிபு.

தமிழக வீடுகளிலும் திறன்மிகு மின்னளவிகள் இடம்பெறத் தொடங்கும் காலம் இது. அவை வாரியத்தின் வசூல் கருவியாக மட்டும் அமையுமா, ஊராட்சிகளும் சங்கங்களும் தம் காற்றையும் வெயிலையும் தம் வீடுகளுக்கே வரவு வைக்கும் ஏடாகவும் அமையுமா என்பதை அக்கருவி முடிவு செய்யாது. அதற்கான விதியை எழுதுவோரே முடிவு செய்வர். அவ்விதி எழுதப்படும் இடத்தில் ஓடந்துறைகளுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.