விழாவிட்டால் யாருக்கு?

தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதிகள் இல்லை. அப்படி ஓர் இடம் நடத்துவது 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். வசதியுள்ளவர்கள் கோவாவுக்குப் போனார்கள். கூலிக்காரர்களுக்குப் பேருந்து நிலையத்து லாட்டரிக் கடை இருந்தது. அறையோ கட்டிலோ இல்லாத, ஏழைகளின் சூதாட்ட விடுதி அதுதான். அதைத் தொடங்கி வைத்தது அரசு.

1968இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டு வந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு ஒரு லட்சம். மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம் அது. அரசுக்கு வேறு வருமானம் வேண்டியிருந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கம் ஊரெங்கும் பரவியது. அந்த முழக்கத்தில் வீடு என்பது பரிசு வந்து சேரும் இடம் மட்டுமே. அந்த ஒரு ரூபாய் புறப்பட்ட இடமும் வீடுதான் என்பது அதில் இல்லை.

1990களில் பூடான், சிக்கிம், நாகாலாந்து சீட்டுகளும் இங்கே குவிந்தன. ஒற்றை எண் லாட்டரி வந்தபின், வாங்கிய அன்றே முடிவு தெரிந்தது. நான் பள்ளிக்குப் போன அந்த ஆண்டுகளில், எங்கள் நைனார்பாளையத்தில் ஒரு பெண் சீட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் சீட்டுக்குப் போன காசில் களை பறித்த கூலி இருந்தது, பால் காசு இருந்தது, ஆடு விற்ற பணம் இருந்தது.

1998இல் மத்தியச் சட்டம் ஒற்றை எண் லாட்டரியைத் தடுத்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. கடைகள் மூடின, விற்றுப் பிழைத்தவர்கள் வேறு வேலை தேடினார்கள். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. மூன்று நம்பர் லாட்டரியாக ஒளிந்து நடந்தது. பிறகு ரம்மியாகக் கைப்பேசிக்குள் புகுந்தது.

இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு விலக்கு தந்தது. 2025இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நாடாளுமன்றம் தடை செய்தது. இத்தனை ஆண்டு வழக்குகளும் பெரிதும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: இது அதிர்ஷ்டமா, திறமையா?

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகளில் பாஞ்சாலி கேட்பது வேறு கேள்வி. சகுனிக்குத் திறமை இருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று கேட்டாள். சபைப் பெரியவர்களிடம் நேரான பதில் இல்லை.

லாட்டரியின் வரலாற்றை வருவாய்க் கணக்காக எழுதலாம், தடைச் சட்டங்களின் வரிசையாகவும் எழுதலாம். பெண்கள் எழுதினால் பாஞ்சாலியின் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்: வைத்து ஆடியது யாருடைய காசு? அவளைக் கேட்டார்களா?