தரைத்தளத்துப் பெண்கள்

கெய்ரோவின் நவீன வரலாற்றைக் கதீவ் இஸ்மாயிலிலிருந்து தொடங்குவது வழக்கம். 1869இல் சூயஸ் கால்வாய்த் திறப்புக்கு வரும் ஐரோப்பிய விருந்தாளிகள் மெச்சவேண்டுமென்று, பாரிசைப் பார்த்து அகன்ற சாலைகள் போட்டவர் அவர். நான் முகத்தம் குன்றின் அடிவாரத்திலிருந்து, மன்ஷியத் நாசரிலிருந்து தொடங்குகிறேன். நகரம் கழித்துப்போட்டதெல்லாம் வந்துசேர்ந்த இடம் அது.

1940களில் தெற்கே அஸ்யூத் பக்கத்துக் காப்டிக் கிறிஸ்தவ விவசாயிகள் பிழைப்பு தேடிப் பன்றிகளோடு கெய்ரோவுக்கு வந்தார்கள். குப்பை எடுக்கும் உரிமை அதற்கு முன்பே பாலைவனச் சோலைகளிலிருந்து வந்த வாஹியாக்களிடம் இருந்தது. அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டு இவர்கள் குப்பை அள்ளினார்கள். ஜப்பாலீன், அதாவது குப்பைக்காரர்கள், என்று பெயர் விழுந்தது. நகரம் வளர வளர இவர்களை ஓரத்துக்குத் தள்ளியது. 1970இல் ஆளுநர் உத்தரவு இம்பாபாவிலிருந்து முகத்தத்துக்கு விரட்டியது.

விடியுமுன் ஆண்கள் கழுதை வண்டியோடு போய் வீடுவீடாகக் குப்பை எடுத்துவந்து தரைத்தளத்தில் கொட்டுவார்கள். பெண்களும் சிறுமிகளும் அதன் நடுவே உட்கார்ந்து வெறுங்கையால் பிரிப்பார்கள்: காகிதம், கண்ணாடி, தகரம், துணி, பிளாஸ்டிக். எச்சில் சோறு பன்றிகளுக்கு. கண்ணாடி கிழிக்கும், ஊசி குத்தும், மஞ்சள்காமாலை வரும். சேகரித்ததில் ஏறத்தாழ 80 சதவீதம் மறுபயன்பாட்டுக்குப் போனது என்று உலகமே வியந்தது. அந்த 80 சதவீதம் பிரிப்பதில்தான் இருக்கிறது. ஆனால் படங்களில் வண்டியோட்டும் ஆண்தான் நிற்கிறான். வீட்டுக்குள் நடந்ததால் பெண்ணின் உழைப்பு வீட்டுவேலைக் கணக்கில் போய்விட்டது. (வீட்டுவேலைக்கு எங்கே கணக்கு இருக்கிறது!)

2003இல் ஸ்பானிய, இத்தாலிய நிறுவனங்களுக்குக் குப்பை ஒப்பந்தம் போனது. ஒப்பந்தம் கேட்ட மறுசுழற்சி 20 சதவீதம் மட்டுமே. கட்டணத்தை மின்கட்டணத்தோடு சேர்த்து வாங்கினார்கள். வாசலில் வந்து வாங்கிப்போனவர்களுக்குப் பழகிய மக்கள் இப்போது தெருத்தொட்டியைத் தேட வேண்டியிருந்தது.

2008இல் குன்றின் பாறை சரிந்து துவைக்காவில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 2009இல் பன்றிக்காய்ச்சல் பீதி. எகிப்தில் அப்போது ஒருவருக்கும் அந்நோய் இல்லை. பன்றிகளைக் கொல்வதால் பயனில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனாலும் ஏறத்தாழ 3 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். தொழிலின் பாதி வருமானம் பன்றியில் இருந்தது. அது போனதும் ஈரக்குப்பை எடுக்க ஆளில்லாமல் தெருவில் அழுகியது. அரசு அப்போதுதான் மூக்கைப் பொத்தியது.

முகத்தத்துப் பெண்களோடு 1980களிலிருந்து வேலைசெய்த லைலா இஸ்கந்தர் 2013இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார். அடுத்த ஆண்டு, முறைசாராக் குடியிருப்புகளுக்கெனப் புதிதாக உருவான அமைச்சகம் அவரிடம் வந்தது. 2015 செப்டம்பரில் அந்த அமைச்சகத்தையே கலைத்துவிட்டார்கள்.