பேரிடரும் பெயர்ப் பதிவேடும்

கடல் பொங்கும்போது அது சாதி கேட்பதில்லை. ஆறு கரையுடைக்கும்போது அது பட்டாவைப் பார்ப்பதில்லை. ஆயினும் நீர் வடிந்த பின்னர் வரும் நிவாரணப் பட்டியல் இவ்விரண்டையும் கேட்டுவிடுகின்றது. இயற்கையின் சீற்றம் ஓரிரு நாளில் ஓயும். பட்டியலில் விடுபட்டவனின் துயரமோ ஆண்டுக்கணக்கில் நீளும். இவ்வுண்மையை நம் கடலூர் மண்ணின் வரலாறு கொண்டே சமுதாய இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே அமைந்தது தேவனாம்பட்டினம். 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லை வரையிலான ஊர்களும் அவ்விற்பனையில் அடங்கின. 'குண்டு கிராமங்கள்' என அவை பெயர் பெற்றன. 1749 ஏப்ரலில் இக்கடற்கரையருகே வீசிய புயலில் 'நாமூர்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் மூழ்கி ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலின் பெயரும் மாண்டோர் தொகையும் வரலாற்று நூல்களில் உள. அதே புயலில் கரையோரக் குடிசைகளில் வாழ்ந்தோர் என்னவாயினர் என்பதை அந்நூல்களில் காண்பது அரிது. எண்ணப்பட்டவர் வரலாற்றில் இடம் பெற்றனர், எண்ணப்படாதவர் மறைந்தனர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என விதித்தார் சர் ரிச்சர்ட் டெம்பிள். அது உயிர் தரிக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது. பஞ்சத்தில் மக்களைக் காப்பது அரசின் கடமை என்பதை 1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையம் ஏற்றது. பஞ்ச விதித்தொகுப்புகள் அதன்வழிப் பிறந்தன. நிவாரணம் தருமம் அன்று, கடமை என்னும் கருத்து இவ்வாறு எத்தனையோ உயிர்களைப் பலிகொண்ட பின்னரே ஏட்டில் ஏறியது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பில் பெரும்பங்கு மீனவச் சகோதரர்களுடையது. அதனை மறைத்துப் பேசுவது அறமாகாது. ஆனால் படகும் வலையும் இழப்பாகக் கணக்கிடப்பட்டதுபோல் இழந்த கூலி கணக்கிடப்படவில்லை. மீன் சுமந்தும், உப்பளத்தில் உழைத்தும், உவர்நீர் புகுந்த வயல்களில் கூலி செய்தும் வாழ்ந்த நம் மக்கள், தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர். மனித உரிமை அமைப்புகள் 2005-இலேயே இதனைச் சுட்டிக்காட்டின.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோதும் இதே நிலைதான். பண்ருட்டிப் பகுதியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரத்துக்கு உடையவர் இன்னார் என்று காட்டப் பதிவேடு இருந்தது. அம்மரத்தடியில் கொட்டை பொறுக்கிப் பிழைத்தவளுக்கு எந்தப் பதிவேடு இருந்தது?

2015-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது நாம் பணியாற்றிய பள்ளியே புகலிடமாயிற்று. வகுப்பறையில் ஒதுங்கியிருந்த மூதாட்டி ஒருவர் நம்மைக் கண்டதும், "ஐயா, சோறு இருக்கட்டுங்க; எம் பேர எழுதிட்டாங்களான்னு மொதல்ல பாத்துச் சொல்லுங்க" என்றார். அவருடைய குடும்ப அட்டை வெள்ளத்தோடு போயிருந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்தோம். அவர் பெயர் மட்டுமன்று, அவர் வாழ்ந்த தெருவே அதில் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்தோம். அவன் இரண்டு முழுத்தாள்களில் அத்தெருவின் குடும்பங்களை வீடு வீடாக எழுதி முடித்தான். அத்தாள்களோடு அலுவலரைக் கண்டோம்; தெரு சேர்க்கப்பட்டது. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் கல்வியின் பயனை அன்றுபோல் என்றும் நாம் உணர்ந்ததில்லை.

இன்று சட்டம் நம் பக்கம் உள்ளது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பால், சாதி, சமூகம், வமிசம், சமயம் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. அதே ஆண்டில் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், பட்டியலைக் கேட்டுப் பெறும் வழியைத் திறந்தது. ஆனால் சட்டம் தானாக நடந்து சேரிக்கு வாராது. படித்தவன்தான் அதனைக் கைப்பிடித்து அழைத்துவர வேண்டும்.

ஆகவே இளைஞர்களே! தென்பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் கடல் சேரும் வடிகால் நிலம் நம்முடையது. வெள்ளம் மீண்டும் வரும். ஐப்பசி மழைக்கு முன்னரே உங்கள் தெருவின் குடும்பங்களைப் பதிவு செய்யுங்கள். முதியோர், கருவுற்றோர், மாற்றுத்திறனாளிகள் பெயர்களைத் தனியே குறியுங்கள். ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அளித்து ஒப்புகை பெறுங்கள். நம் தெருவோடு நில்லாமல், விடுபட்ட எத்தெருவினர்க்கும் எழுதிக் கொடுங்கள்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அவ்வெழுத்து, எண்ணப்படாதோரை எண்ணும் எழுத்தாகுக!