விழிவெண்படலச் சேமிப்பின் வரலாறு

விழிவெண்படலம் என்பது கண்ணின் முன்புறத்தை மூடியுள்ள ஒளிபுகும் படலமாகும். பேச்சு வழக்கில் இதையே கருவிழி என்பர். கண் கொடையாகப் பெறும் இப்படலத்தைக் கெடாமல் காக்கும் முறைகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வளர்ந்து வந்துள்ளன.

சேமிப்பில் நிகழும் மாற்றங்கள்

படலத்தின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக உயிரணுக்கள் உள்ளன. உள்ளே ஊறும் நீரை இவை இடைவிடாது வெளியேற்றுவதால்தான் படலம் தெளிவாக இருக்கிறது. இறப்புக்குப் பின் இப்பணி தளர்கிறது. படலம் நீரேறித் தடித்து மங்குகிறது. உட்புறம் மடிப்புகள் விழுகின்றன. இமை திறந்திருந்தால் மேற்பரப்பும் உலர்ந்து உரிகிறது. மனிதரில் உட்புற உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. ஆகவே கண் வங்கிகள் அவற்றை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கின்றன. முழுத் தடிப்பு மாற்றுக்கு, சதுர மில்லிமீட்டருக்கு 2,000-க்குக் குறையாமல் இருப்பதைப் பொதுவாக விரும்புகின்றனர். எண்ணிக்கை குறைந்த படலம், முன் அடுக்கை மட்டும் மாற்றும் அறுவைக்குப் பயன்படலாம்.

வரலாறு

1905-இல் எடுவர்ட் சிர்ம் என்பவர் இன்றைய செக் நாட்டில் செய்த முதல் வெற்றிகரமான மாற்று அறுவையில், காயத்தால் அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண் பயன்பட்டது. சேமிப்புக்குத் தேவை எழவில்லை. 1930-களில் ஒடெசாவில் ஃபிலாத்தோவ், இறந்தோரின் கண்களைக் குளிரில் வைத்துப் பயன்படுத்தினார். அதன்பிறகே சேமிப்பு ஒரு கேள்வியாயிற்று.

இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய மருத்துவர் முத்தையா 1948-இல் நாட்டின் முதல் விழிவெண்படல மாற்று அறுவையைச் செய்தார். அக்காலத்தில் முழுக் கண்ணையும் ஈரக் குப்பியில் குளிரூட்டி வைத்தனர். கண்ணுக்குள் தேங்கிய நீர் கெட்டு உட்புற உயிரணுக்களைத் தாக்கியதால், ஓரிரு நாட்களுக்குள் பொருத்த வேண்டியிருந்தது.

1974-இல் அமெரிக்காவின் மெக்கேரி, காஃப்மன் ஆகியோர் படலத்தை மட்டும் வெட்டியெடுத்து ஊட்டக் கரைசலில் 4 பாகை செல்சியசில் வைத்தனர். கரைசலில் இருந்த டெக்ஸ்ட்ரான் நீரேற்றத்தைத் தடுத்தது. இதனால் காலம் ஏறத்தாழ 4 நாட்களாக நீண்டது. பின்வந்த கரைசல்கள் அதை 14 நாட்களாக்கின. மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசால் இவ்வகையைச் சேர்ந்தது. ஐரோப்பிய வங்கிகள் பலவற்றில் உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் 4 வாரம் வரை வளர்ப்புக் கரைசலில் வைக்கின்றனர்; அதில் வீங்கும் படலத்தைப் பொருத்துமுன் டெக்ஸ்ட்ரான் கரைசலில் இட்டு வற்றச் செய்கின்றனர்.

சேமிப்பின் எல்லை

உட்புற அடுக்கை மட்டும் மாற்றும் அறுவை குறித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளியானது. 7 நாட்கள் வரை சேமித்தவற்றில் 95.3 விழுக்காடும், 8 முதல் 14 நாட்கள் சேமித்தவற்றில் 92.1 விழுக்காடும் மூன்றாண்டுகளுக்குப் பின் நன்றாக இருந்தன.

எந்தக் கரைசலும் இழந்த உயிரணுக்களை மீட்பதில்லை. இழப்பை மெதுவாக்க மட்டுமே செய்கிறது. ஆகவே இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணைப் பெறுவது நல்லது. செம்பரம்பாக்கம், ஒரகடம் போன்ற இடங்களுக்குச் சென்னையிலிருந்து குழு வருவதற்குள் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே நேரம் கழியும். உறவினர்கள் உடனே கண் வங்கிக்குத் தெரிவித்து, இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். விழிவெண்படலத்தின் சேமிப்பு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.