இம்போல்க்: குளிர்காலக் கடைசியில் ஓர் அயர்லாந்துத் திருநாள்

அயர்லாந்தின் மரபு நாட்காட்டியில் வசந்தம் பிப்ரவரி 1 அன்றே பிறந்துவிடுகிறது. வயலில் உறைபனி கிடக்கும். ஆனால் சினையாடுகளின் மடியில் பால் இறங்கத் தொடங்கியிருக்கும். குளிர்காலச் சேமிப்பு அடிதட்டும் நேரத்தில் வரும் இந்தப் பால்தான் மேய்ச்சல் குடிகளுக்குப் பருவக்குறி. அந்த நாளே இம்போல்க். மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் நாள்களில் வரும் பெல்டைன், லூனாசா, சவின் ஆகியவற்றோடு சேர்ந்து இது ஆண்டை நான்காகப் பிரித்தது.

கிறித்தவத்துக்கு முன் இந்நாளில் என்ன சடங்கு நடந்தது என்று சொல்லும் சமகாலப் பதிவு கிடையாது. கிடைப்பவை துறவிகள் எழுதிவைத்தவை. கூ குலன் என்ற வீரன் எமரைப் பெண் கேட்கும் பழங்கதையில் இம்போல்க் வருகிறது. காஷெல் அரசரும் ஆயருமான கோர்மாக்கின் (இறப்பு 908) பெயரால் வழங்கும் சொல்லகராதி, புலவர்கள் வணங்கிய பிரிகிட் என்ற தேவதையையும், மருத்துவத்துக்கும் கொல்லுத்தொழிலுக்கும் உரிய, அதே பெயர் கொண்ட அவளுடைய சகோதரிகள் இருவரையும் குறிப்பிடுகிறது.

காலப்போக்கில் அந்த நாள் கில்டேர் மடத்தின் புனித பிரிகிட்டுக்கு உரியதாயிற்று. தேவதைதான் புனிதரானாளா என்ற வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, கில்டேரின் அணையா நெருப்பை விவரிக்கிறார்: 19 கன்னியர் இரவுக்கு ஒருவராகக் காப்பார்கள், 20ஆம் இரவு காவல் பிரிகிட்டுக்கே விடப்படும், நெருப்பைச் சுற்றிய வேலியை ஆண்கள் தாண்டக்கூடாது, எவ்வளவு விறகு எரிந்தாலும் சாம்பல் பெருகாது. ஜெரால்டுக்கு அற்புதக் கதைகளில் ஆசை அதிகம் என்பதால் கடைசிச் செய்தியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

திருநாள் உயிரோடு இருந்தது மடத்தில் அல்ல, குடியானவர் வீடுகளில். முந்தின நாள் மாலை கோரைப்புல்லால் சிலுவை பின்னி வாசலுக்கு மேலும் தொழுவத்திலும் செருகுவார்கள். தீயும் நோயும் அண்டாது என்பது நம்பிக்கை. வெளியே போட்டுவைத்த துணியைப் பிரிகிட் இரவில் தொட்டுப் போவாள். அது தலைவலிக்கும், கன்று ஈனத் திணறும் பசுவுக்கும் மருந்து. இளைஞர்கள் 'பிடி' என்ற பொம்மையைத் தூக்கிக்கொண்டு, பாடி, வீடு வீடாகக் காசும் தின்பண்டமும் வாங்குவார்கள்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான விக்கா சமயத்தார் இம்போல்க்கைத் ஆண்டுதோறும் வரும் தங்கள் எட்டு விழாக்களுள் சேர்த்தனர். இன்று மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டாடும் புதுப் பேகன்களின் முறை பெரும்பாலும் அவர்கள் வகுத்தது. இடையில் அணைந்துபோன கில்டேர் நெருப்பு 1993இல் மீண்டும் ஏற்றப்பட்டது. 2023 முதல் அயர்லாந்து அரசு இந்தத் திருநாளுக்குப் பொது விடுமுறை அளிக்கிறது: பிப்ரவரியின் முதல் திங்கள், பிப்ரவரி 1 வெள்ளியில் விழுந்தால் மட்டும் அந்த வெள்ளி.